புத்தளமா, மன்னாரா? நாங்கள் கொப்பியில் எழுதிப் பார்த்த கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். புத்தளத்தில் இருந்துகொண்டு "ஊருக்குப் போவமா, வேணாமா" என்று இரவில் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு பல வருடமாக நடந்தது. உம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் நடுவில். கடைசியில் ஒரு தீர்மானம் எடுத்தோம்: வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டுக் கொப்பியும் பேனையும் எடுப்போம். இரண்டு ஊரிலும் ஒரு மாதம் வாழ என்ன செலவாகும், என்ன வருமானம் வரும், எது கிடைக்கும், எது கிடைக்காது என்று எழுதிப் பார்ப்போம்.

எங்களில் ஒருவர் முசலிப் பக்கம், மற்றவர் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இருவருமே சின்னப் பிள்ளைகள். எருக்கலம்பிட்டிக் குடும்பம் தீவுக் கரையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தது. முசலிக் குடும்பம் காட்டுப் பாதையால் தெற்கே வந்தது. வடக்கிலிருந்து அப்போது வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும் பகுதி நம் மன்னார் மாவட்டத்தார். அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

புத்தளத்து மக்கள் அன்று தங்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். அதை நாங்கள் சாகும்வரை மறக்க முடியாது. தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கரம்பை என்று ஓலைக் குடிசைகளில் ஆரம்பித்த வாழ்க்கை. 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான வீட்டுத் திட்டம் வந்தது. அதில் பல குடும்பங்கள் கல் வீட்டுக்கு மாறின. நாங்கள் பாலாவிப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி, சீட்டுப் பிடித்தும் லோன் எடுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினோம். எங்கள் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். வாப்பா மௌத்தானதும் அங்கேதான். புத்தளத்து மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அன்றிலிருந்து நம் ஆட்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். போய்விட்டவர்கள், போகவே மாட்டோம் என்று முடிவெடுத்தவர்கள், இரண்டு ஊரிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டிருப்பவர்கள். நாங்கள் மூன்றாவது வகை. வாசிப்பவர்களில் பாதிப் பேராவது அந்த வகைதான் என்று நினைக்கிறோம்.

கணக்குக்கு வருகிறோம்.

போன டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு முசலியில் சாச்சாவின் வீட்டுக்குப் போய் 27 நாள் இருந்தோம். விருந்தாளியாக அல்ல. சாச்சியிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம், "சமையல் எங்களுக்குத் தனி, சாமான் நாங்களே வாங்குவம்" என்று. சாச்சி முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு விளங்கிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு அன்றைய செலவைக் கொப்பியில் எழுதினோம். அதற்கு முந்திய மாதம் பாலாவி வீட்டிலும் அப்படியே எழுதியிருந்தோம். 27 நாளின் செலவை ஒரு மாதத்துக்குச் சரிக்கட்டி, பாடசாலை நாளில் வரும் செலவையும் சேர்த்துக்கொண்டோம்.

இவை எங்கள் ஒரு வீட்டின் எண்கள்தான். உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தெந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது பொருந்தும்.

மீன், இறைச்சி: பாலாவியில் மாதம் 11,000 ரூபாய், முசலியில் 6,500. சிலாவத்துறைக் கரையில் காலையில் வள்ளம் வந்ததும் வாங்கினால் சூடை, ஓரா, விளைமீன் எல்லாம் கைக்கு அடக்கமான விலை. உம்மா பல வருடத்துக்குப் பிறகு வயிறாற மீன் ஆணம் சாப்பிட்டார்.

அரிசி: 25 கிலோ பாலாவியில் 6,000. முசலியில் சாச்சாவின் வயல் நெல்லைக் குற்றி எடுத்தால் 4,500.

தேங்காய்: இதில் புத்தளம்தான் வெற்றி. 40 தேங்காய் அங்கே 5,200, இங்கே 6,800. தென்னைக்குப் பேர்போன மாவட்டத்தில் பழகிய கை, இங்கே வந்தால் பால் பிழியும்போது நடுங்கும்.

மரக்கறி: பாலாவியில் 6,000, முசலியில் 7,800. லொறியில் தூரத்திலிருந்து வருகிறது. வந்து சேரும்போது பாதி வாடிவிடுகிறது.

தண்ணீர்: பாலாவியில் குழாய்த் தண்ணீர் பில்லும் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரும் சேர்த்து 1,800. முசலியில் 4,500. கிணற்றுத் தண்ணீர் குளிக்க, கழுவச் சரி. குடிக்க முடியாத உப்பு. பவுசர் வரும் நாளைப் பார்த்து டாங்கியை நிரப்பி வைக்க வேண்டும்.

லைட் பில்: இரண்டிலும் 4,200. கட்டண வீதம் நாடு முழுக்க ஒன்றுதான்.

பெற்றோல்: லீற்றர் 300 ரூபாய் அளவில் கணக்குப் போட்டோம். பாலாவியில் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 15 லீற்றர் போதும், 4,500. முசலியில் 35 லீற்றர், 10,500. வங்கி, கச்சேரி, பெரிய ஆஸ்பத்திரி, தையல் நூல் வாங்குகிற கடை எல்லாவற்றுக்கும் மன்னார் ரவுணுக்கு ஓட வேண்டும்.

பாடசாலை வேன், ரியூசன்: பாலாவியில் 15,500. முசலியில் 6,000. இதைப் பார்த்து மலிவு என்று சந்தோசப்படாதீர்கள். ரியூசனுக்கு ஆள் இல்லாததால்தான் அந்தக் காசு மிஞ்சுகிறது.

கூட்டிப் பார்த்தோம். பாலாவி 54,200. முசலி 50,800. வித்தியாசம் 3,400 ரூபாய்தான்! "மன்னாருக்குப் போனால் செலவு பாதியாகும்" என்று சொன்னவர்களும் பிழை, "அங்கே எல்லாம் யானை விலை" என்று சொன்னவர்களும் பிழை.

ஆனால் செலவை மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. வருமானத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பாடசாலைச் சம்பளம் ஒன்று, தையல் மெஷின் ஒன்று. சம்பளம் எந்த ஊருக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதேதான். தையல் அப்படி இல்லை. பாலாவியில் மாதம் 18,000 அளவில் வரும். பெருநாள் மாதங்களில் இன்னும் கூட. முசலியில் வீடுகளே சிதறிக் கிடக்கின்றன. அந்த மாதம் கிடைத்த வேலையை வைத்துப் பார்த்தால் 6,000 வந்தால் பெரிய காரியம். ஆக, செலவில் 3,400 குறைகிறது, வருமானத்தில் 12,000 குறைகிறது. மாதம் 8,600 ரூபாய் நட்டம்.

இந்த இடத்தில் எங்கள் மகள் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப முடிவு தெரிஞ்சு போச்சே, புத்தளம்தானே?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி.

அப்போதுதான் நாங்கள் மூன்றாவது வரிசை ஒன்றைப் போட்டோம். அதற்குப் பெயர் "இப்போது உண்மையில் வாழ்வது".

ஏனென்றால், நாங்கள் புத்தளத்தில் மட்டும் வாழவில்லை. ஊரில் கலியாணம், ஜனாஸா, காணிப் பிரச்சினை, ஜீ.எஸ். கையெழுத்து, பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் என்று எதற்காவது மாதம் ஒருமுறையாவது ஓடுகிறோம். அனுராதபுரம், மதவாச்சி சுற்றிப் போனால் மன்னார் ரவுணுக்கே ஏறக்குறைய 185 கிலோமீற்றர். இலவன்குளம், வில்பத்து ஊடாகப் போகிற பழைய பாதையில் தூரம் பெருமளவு குறையும். ஆனால் அந்தப் பாதை சுற்றாடல் வழக்காகி நீதிமன்றம் வரை போன விசயம். மழை வந்தால் கலா ஓயாவும் விடாது. அதை நம்பிக் குடும்பத்தின் கணக்கைப் போட முடியாது. போக்குவரத்துக்கு மாதச் சராசரி 8,000. ஊரில் பாதி கட்டிக் கிடக்கும் வீட்டின் லைட் பில் 900. வளவில் பற்றை வெட்ட, வேலி பார்க்க 2,500. மொத்தம் 11,400.

அதைச் சேர்த்தால் எங்கள் இப்போதைய வாழ்க்கையின் செலவு 65,600. புத்தளத்தில் மட்டும் இருப்பதை விடவும் கூட, மன்னாரில் மட்டும் இருப்பதை விடவும் கூட. மன்னாரில் தையல் வருமானம் 12,000 குறைந்தாலும், இந்த இரட்டை வாழ்க்கையை விட்டுவிட்டுப் போனால் மாதம் 2,800 மிஞ்சுகிறது.

மகளிடம் திருப்பிக் கேட்டோம். "புத்தளம் என்று முடிவெடுத்தால் இனி ஊருக்குப் போக்குவரத்து இல்லை, காணியைப் பார்க்க மாட்டோம், ஜனாஸாவுக்கும் போக மாட்டோம் என்று அர்த்தம். உம்மம்மாவிடம் நீ சொல்வாயா?" பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

உறவுகளே, மிகச் செலவான ஊர் புத்தளமும் இல்லை, மன்னாரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்காமல் நிற்கிற இந்த வாழ்க்கைதான் மிகச் செலவானது. அந்தக் காசை முப்பது வருடத்துக்கும் மேலாகப் பஸ்ஸுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காசில் அடங்காத வரிசைகளும் இருக்கின்றன.

பிள்ளைகளின் படிப்பை முதலில் சொல்ல வேண்டும். ஆசிரியர் வீடு என்பதால் இதில் எங்களுக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை. முசலியில் சில சின்னப் பாடசாலைகளில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் குறைவு என்பதால் ஆசிரியர்களை அனுப்ப மாட்டார்கள். ஆசிரியர்கள் இல்லை என்பதால் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டி வர மாட்டார்கள். இந்தச் சக்கரம் இப்படியே சுற்றுகிறது. புத்தளத்தில் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்தாலும் எல்லாப் பாடத்துக்கும் ஆள் இருக்கிறது.

பல பெற்றோர் கேட்கிற இன்னொரு கேள்வி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி. அனுமதியில் 40 வீதம் முழு நாட்டுத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். மன்னாரும் புத்தளமும் இரண்டுமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடும், உண்மை. ஆனால் பிள்ளை பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்பதையும் பார்ப்பார்கள். உயர்தரத்தின் நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாறுவதென்றால் சாதாரண தரம் முடிந்த கையோடு மாறுங்கள், அல்லது உயர்தரம் முடியும்வரை பொறுங்கள்.

வைத்தியம். புத்தளத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில். உம்மாவின் பிரஷர், சீனிக் கிளினிக்குக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். கொழும்புக்கு அனுப்பினாலும் சுமார் 130 கிலோமீற்றர். முசலியிலிருந்து சாதாரண வருத்தத்துக்குச் சிலாவத்துறை. அதற்கு மேலென்றால் மன்னார். அதற்கும் மேலென்றால் வவுனியாவோ யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வரிசையைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

காணி. இதுதான் முசலிக்காரர்களின் பெரிய வயிற்றெரிச்சல். நாம் இல்லாத இருபது வருடத்தில் வளவெல்லாம் காடாகிவிட்டது. 2012இலும் பிறகு 2017இலும் வெளிவந்த வர்த்தமானிகளில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கக் காணிகள் வனப் பகுதிக்குள் போயின. காட்டை அழிக்கக் கூடாது என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கிணறும் பள்ளிவாசல் அத்திவாரமும் இருக்கிற இடத்தைக் காடு என்று சொன்னால் அதை எப்படி விளங்கிக்கொள்வது? போவதற்கு முன் உங்கள் உறுதியை, பெர்மிட்டைக் கையில் எடுத்து, பிரதேச செயலகத்தில் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு செங்கல் வைப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

வீடு. 2012இல் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் பாதி வீட்டில் இரண்டு அறையையும் குசினியையும் முடிக்க மேசன் இப்போது சொல்லும் தொகை 18 இலட்சம். அந்தக் காசு மாதக் கணக்கில் வராது, ஆனால் வயிற்றைக் கலக்கும்.

பதிவுகள். வாக்கு எங்கே, அஸ்வெசும எந்த ஜீ.எஸ். பிரிவில், பிள்ளையின் பாடசாலை விலாசம் எது என்பதெல்லாம் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிவதற்கு 2017இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தல் நாளில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன நம் பஸ்கள் மீது தந்திரிமலையில் வைத்துச் சுட்டார்கள். ஓர் ஊரில் உறங்கி, இன்னோர் ஊரில் வாக்குப் போடுவதன் விலை அது.

காற்றும் சுற்றுச்சூழலும். இதிலே ஊரை மிகைப்படுத்தவும் மாட்டோம், புத்தளத்தைக் குறைக்கவும் மாட்டோம். புத்தளத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம் இருக்கிறது. கொழும்புக் குப்பையை அருவாக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று புத்தளத்து மக்கள் தெருவில் நின்றதை நாங்களும் கூட நின்று பார்த்தோம். மன்னார் தீவில் 2020இலிருந்து காற்றாலைகள் சுற்றுகின்றன. புதிய காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் தீவு மக்கள் இன, மத வித்தியாசம் இல்லாமல் போராடினார்கள். 2024 நவம்பர் மழையில் தீவில் வெள்ளம் நின்றதையும் மறக்கவில்லை. முசலியில் யானை வேறு. ஒரு இரவு சாச்சாவின் வாழை மரங்கள் அத்தனையையும் முடித்துவிட்டுப் போனது. ஆகவே சுத்தமான சொர்க்கம் எங்கேயும் இல்லை.

விலைவாசியை மட்டும் பார்த்து ஊர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 2022 மார்ச்சில் அரிசியும் பால்மாவும் கைக்கு எட்டாமல் போனபோது மன்னார்க் கரையிலிருந்து தமிழ்ச் சகோதரர்கள் சிலர் பிள்ளை குட்டிகளோடு படகேறித் தனுஷ்கோடிக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் இருக்க வைத்தார்கள். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடற்றொழில் செய்கிறவர்களின் முதுகெலும்பே முறிந்தது. பசித்தவன் போவதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் விலை ஏறும், இறங்கும். நாளைக்கு இறங்கினாலும், ஒருமுறை மாறின ஊருக்குத் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று நம்மை விட வேறு யாருக்குத் தெரியும்?

இனி, எந்த வரிசையிலும் எழுத முடியாத மூன்று விசயம்.

முதலாவது உம்மா. பாலாவியில் இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பி உட்காருவார். முசலியில் அந்த 27 நாளும் ஸுபஹ் பாங்கு வரை உறங்கினார். தண்ணீர் உப்பு என்று எங்களை விடக் கூடக் குறை சொன்னதும் அவர்தான். ஆனாலும் "என்னை இங்கேயே அடக்குங்க" என்று சொன்னார். வாப்பா புத்தளத்தில் இருக்கிறாரே என்று கேட்டோம். "அவருக்கு அங்கே எழுதியிருந்திச்சு. எனக்கு எழுதினது எதுவெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனா நான் கேக்கிறது இது" என்றார்.

இரண்டாவது பெயர். புத்தளத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்த எங்கள் மகனை அங்கே விளையாட்டில் சண்டை வந்தால் "அகதிப் பொடியன்" என்பார்கள். முசலியில் கிரிக்கெட் விளையாடப் போனால் "புத்தளத்தான் பட் பண்ணட்டும்" என்கிறார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இரண்டு ஊரிலும் மற்ற ஊரின் பெயர் அவன்மேல் ஒட்டியிருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் பத்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் அது கழன்று விழும்.

மூன்றாவது அயல். ஒரு நாள் காலையில் அடுத்த கிராமத்திலிருந்து ஒரு தமிழ் அம்மா பனங்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு உம்மாவைப் பார்க்க வந்தார். சின்ன வயதில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். அவரும் யுத்தத்தில் ஒரு மகனை இழந்தவர். இருவரும் திண்ணையில் இருந்து பழைய ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். காணி எல்லையில் இன்றைக்கும் பிரச்சினைகள் இருக்கின்றன, மனங்களில் கசப்பும் இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சை தூரத்தில் இருந்து போனில் பேச முடியாது.

எங்கள் முடிவைச் சொல்கிறோம்.

மகளின் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். இடமாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். வடமேல் மாகாணத்திலிருந்து விடுவிப்பும் வேண்டும், வட மாகாணத்தில் ஏற்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். கோப்பு ஒரு மேசையில் ஏழு மாதம் உறங்கியது. இப்போது நகர்கிறது. பாலாவி வீட்டை விற்கவில்லை. இரண்டு வருடம் வாடகைக்குக் கொடுக்கிறோம். அந்த வாடகை, குறைகிற தையல் வருமானத்துக்கு ஒரு முட்டுக்கொடுப்பு. இரண்டு வருடத்தில் சரிவராவிட்டால் திரும்ப ஒரு கதவு இருக்கும். சரிவந்தால் அதை விற்று முசலி வீட்டை முடிப்போம். மகள் உயர்தரத்துக்கு மன்னார் ரவுணில் படிப்பாள். பஸ் நேரம் எல்லாம் விசாரித்து எழுதியாயிற்று. அவள் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. "உங்கட ஊருக்குப் போறம், என்ட ஊரை விட்டுட்டு" என்று சொன்னாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவளுக்குப் புத்தளம்தான் ஊர். 1990இல் எங்களை யாரும் கேட்கவில்லை. அவளையாவது கேட்டோம். அவள் போட்ட நிபந்தனையையும், இரண்டு வருடக் கெடுவையும், கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறோம்.

மாதம் 2,800 மிஞ்சும் என்பதற்காக மட்டும் போகவில்லை. அதைத் தண்ணீர்ப் பவுசரே விழுங்கிவிடும். அந்தச் சின்னப் பாடசாலையின் சக்கரத்தை எங்காவது ஒரு பக்கம் உடைக்க வேண்டும். ஆசிரியர் குடும்பமே பிள்ளைகளோடு வந்து குடியிருந்தால் இன்னும் நாலு பெற்றோர் யோசிப்பார்கள். முதலில் போகிறவர்களுக்குத்தான் செலவு கூட. பிறகு வருகிறவர்களுக்குக் கடையும் வேனும் ரியூசனும் தையலுக்கு ஆளும் தானாக வரும்.

இதனால் எல்லோரும் போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. டயலிசிஸ் செய்கிற வாப்பா இருக்கும் வீடு, உயர்தரத்தில் பிள்ளை இருக்கும் வீடு, வெங்காயத் தோட்டக் கூலியிலும் கடை வியாபாரத்திலும் உலை வைக்கும் வீடு அவசரப்பட வேண்டாம். புத்தளத்திலேயே வாழ்வோம் என்று முடிவெடுத்தவர்களைக் குறையாகப் பேசவும் வேண்டாம். அதுவும் ஊர்தான், அங்கேயும் நம் மையவாடி இருக்கிறது. முடிவெடுத்தால் அதை முழுமையாக எடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

அதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள், விருந்தாளியாக அல்ல. மழைக் காலத்தில் ஒரு தடவை, ஓகஸ்ட் வெயிலில் ஒரு தடவை போனால் இன்னும் நல்லது.
செலவோடு வருமானத்தையும் எழுதுங்கள். குறிப்பாகப் பெண்களின் வருமானத்தை எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.
மூன்றாவது வரிசையை, இரண்டு ஊருக்கும் ஓடுகிற செலவை, மறக்காமல் போடுங்கள்.
காணி ஆவணத்தை முதலில் பாருங்கள், மேசனை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.
வயதானவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் மற்றவருக்காகப் பேசிவிடுவார்.

உங்கள் வீட்டுக் கணக்கு எங்களுடையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கீழே எழுதுங்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கம் ஏற்கெனவே போய்க் குடியிருப்பவர்கள் தண்ணீர், தேங்காய், வேன் செலவைச் சொன்னால் பலருக்கும் உதவும். எங்கள் மகளின் பரீட்சைக்கும், உம்மாவின் உடம்புக்கும் துஆ செய்யுங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் எந்த ஊரில் ஹைர் இருக்கிறதோ அந்த ஊரில் நிம்மதியாக வாழ வைப்பானாக. ஆமீன்.